அட்டையை விடுங்கள், ஆளைப் படம் பிடியுங்கள்!

துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு மலிவான கேமரா எது? பிள்ளைகளை ரேஞ்சுக்கு அழைத்துவரும் பெற்றோர் மாறி மாறிக் கேட்கும் கேள்விக்கு ஒரு விரிவான பதில்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. சென்னையோ கோவையோ மதுரையோ, ஏதாவது ஒரு பத்து மீட்டர் ரேஞ்சுக்குள் நுழையுங்கள். முதலில் காதில் விழுவது ஈய பெல்லட் தகரத்தில் மோதும் 'டக்' சத்தம். அடுத்து கண்ணில் படுவது, தடுப்புக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் அப்பா அம்மாக்கள். பாதிப் பேர் கையில் செல்போன் உயர்ந்திருக்கும். கோட்டில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி நிற்கிறாள். விறைத்த ஜாக்கெட், நடக்கவிடாத பேன்ட், தட்டை அடிப்பாகம் கொண்ட ஷூ, கையில் ஐந்து கிலோவை நெருங்கும் ரைஃபிள். மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்துகிறாள். டக்.

“அப்பா, எத்தனை?”

“இரு பாப்பா, பார்க்கறேன்.”

அவர் இரண்டு விரலால் திரையை விரிக்கிறார். மேலும் விரிக்கிறார். வெள்ளை அட்டை நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ கலங்கித் தெரிகிறது. “எட்டா ஒன்பதான்னு தெரியல பாப்பா. இந்த போன் சரியில்ல. நல்ல கேமராவா ஒண்ணு வாங்கணும்.”

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாத பெற்றோர் ரேஞ்சில் குறைவு. பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றதும், ஸ்வப்னில் குசாலே ஐம்பது மீட்டர் ரைஃபிளில் ஒன்று வென்றதும் நாடு முழுக்கப் பிள்ளைகளைத் துப்பாக்கி பக்கம் திருப்பியிருக்கின்றன. தமிழ்நாட்டுக்கு இந்த விளையாட்டோடு பழைய உறவு உண்டு. லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ககன் நாரங் சென்னையில் பிறந்தவர். அவர் தொடங்கிய அகாடமியில் பயின்று உலகக் கோப்பைத் தங்கங்களைக் குவித்த இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர். நடிகர் அஜித்குமார் 2022 ஜூலையில் மாநிலப் போட்டியில் சுட வந்தபோது திருச்சி ரைஃபிள் கிளப் வாசலில் கூடிய கூட்டத்தை இன்னும் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

ரைஃபிள், ஜாக்கெட், பெல்லட், கிளப் சந்தா, போட்டிக்குப் போய்வரும் ரயில் கட்டணம் என்று ஏற்கெனவே பணம் கரைந்துகொண்டிருக்கும் குடும்பங்கள் இவை. இதற்குமேல் கேமராவுக்கும் செலவழிப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: அந்தக் கேமரா எதைப் பார்க்கப் போகிறது?

பத்து மீட்டரில் ஒரு புள்ளி

பெரும்பாலோர் கேமரா தேடுவது அட்டையில் விழுந்த துளையைப் பார்க்கத்தான். ஒரு சின்னக் கணக்கு போட்டால் அது எவ்வளவு கடினம் என்பது புரியும்.

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டை 80 மில்லிமீட்டர் சதுரம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதன் நடுவே இருக்கும் பத்தாவது வட்டம் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள வெறும் புள்ளி. ஒரு வட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 2.5 மி.மீ. பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. மதிப்பெண் தசமத்தில் எண்ணப்படுகிறது. ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9. அதாவது பெல்லட் கால் மில்லிமீட்டர் விலகினாலே 0.1 போய்விடும்.

இப்போது செல்போனுக்கு வருவோம். சாதாரண போனின் முதன்மை லென்ஸ் பத்து மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 14 மீட்டர் அகலத்தை ஒரே காட்சிக்குள் அடைக்கிறது. முழு எச்டி வீடியோவில் குறுக்காக 1,920 புள்ளிகள். 14 மீட்டரை 1,920-ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 7 மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது. 4.5 மில்லிமீட்டர் துளை ஒரு புள்ளியைக்கூட நிரப்பாது. 4கே எடுத்தால் ஒரு புள்ளிக்கும் சற்று அதிகமாக நிரப்பும். போனில் மூன்று மடங்கு ஜூம் லென்ஸ் இருந்தால் முழு எச்டியில் இரண்டு புள்ளி கிடைக்கும். அந்த அப்பாவின் திரையில் சாம்பல் கலங்கல் தெரிந்ததற்கு போனைக் குறை சொல்லிப் பயனில்லை. இல்லாத புள்ளிகளை எத்தனை விரித்தாலும் அவை வரப்போவதில்லை.

முப்பது நாற்பது மடங்கு ஆப்டிகல் ஜூம் கொண்ட கேமராவை உறுதியான ட்ரைபாடில் நிறுத்தினால் துளை தெளிவாகத் தெரியும், சந்தேகமில்லை. அப்போதும் 9.8-ஆ 10.1-ஆ என்று அடித்துச் சொல்ல முடியாது. பத்து மீட்டர் ரேஞ்சில் அதற்குத் தேவையும் இல்லை. பொத்தானை அழுத்தினால் அட்டை கையருகே ஓடிவருகிறது. எலக்ட்ரானிக் டார்கெட் உள்ள ரேஞ்சில் பக்கத்துத் திரையே தசமத்தோடு எண்ணைக் காட்டிவிடுகிறது. ஏற்கெனவே தெரிந்த எண்ணை இன்னொரு முறை காட்ட ஒரு கேமரா எதற்கு?

எண்ணுக்கு முன்னால் நடப்பது

பாரிஸ் ஒலிம்பிக் நாட்களில் உலகமே பகிர்ந்த இரண்டு காட்சிகளை நினைத்துப் பாருங்கள். ஒன்று துருக்கியின் யூசுஃப் டிகெச்: சாதாரணக் கண்ணாடி, டி-ஷர்ட், ஒரு கை பேன்ட் பாக்கெட்டில். இன்னொன்று தென்கொரியாவின் கிம் யே ஜி: ஒரு கண்ணை மறைக்கும் தகடு, சலனமே இல்லாத முகம். (கிம்மின் அந்த வீடியோ பாரிஸில் எடுத்ததல்ல. அதே ஆண்டு மே மாதம் பாகு உலகக் கோப்பையில், 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் எடுத்தது.) இரண்டிலும் டார்கெட் தெரியவில்லை. யாருக்கும் அது குறையாகவும் படவில்லை. நிற்கும் விதம், கை நீளும் விதம், சுட்ட பிறகும் அசையாமல் இருக்கும் அந்த ஓரிரு நொடி, இவற்றைத்தான் கோடிப்பேர் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். பயிற்சிக் கேமரா பார்க்க வேண்டியதும் இவற்றைத்தான்.

அட்டையில் விழும் துளை, அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து நொடிகளின் விளைவு. பாதம் எங்கே ஊன்றியது, இடுப்பு எந்தப் பக்கம் தள்ளியது, கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பதிந்ததா, விரல் டிரிகரை நேராக இழுத்ததா பக்கவாட்டில் தள்ளியதா, எல்லாமே அந்தத் துளைக்குள் இருக்கின்றன. ஆனால் துளையைப் பார்த்து எதனால் தவறியது என்று ஒரு சிறுமியால் சொல்ல முடியாது. வீடியோவைப் பார்த்தால் பல நேரம் அவளே கண்டுபிடித்துவிடுவாள்.

எவ்வளவு சின்ன அசைவு எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. ரைஃபிளின் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் முக்கால் மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். முன்முனை மட்டும் கால் மில்லிமீட்டர் விலகினால் பத்து மீட்டரில் அது மூன்று மில்லிமீட்டரைத் தாண்டும். ஒரு முழு வட்டம் பறிபோகும். அந்தக் கால் மில்லிமீட்டரை எட்ட நின்று எடுக்கும் செல்போன் வீடியோ காட்டாது. அதற்கென்றே குழலில் பொருத்தும் ஸ்காட் போன்ற சென்சார் கருவிகள் இருக்கின்றன. சாமானியக் குடும்பம் வாங்கும் விலையில் இல்லை. செல்போன் காட்டுவது அந்தக் கால் மில்லிமீட்டருக்குக் காரணமான பெரிய அசைவுகளை. தோள் ஏறுவதை, முழங்கால் இளகுவதை, டிரிகர் விழுந்த அதே கணத்தில் ஆவலோடு தலை தூக்குவதை.

தலை தூக்குவதுதான் புதியவர்களிடம் நான் அதிகம் கண்ட பிழை. எண் என்ன என்று பார்க்கும் அவசரம் அது. பெல்லட் குழலுக்குள் ஓடும் நேரம் சில மில்லி விநாடிகள்தான். இருந்தாலும் 'எப்போது முடியும், பார்க்கலாம்' என்ற எண்ணம் உடம்பில் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஃபாலோ த்ரூ, அதாவது சுட்ட பிறகும் அசையாமல் நில் என்று கோச்சுகள் ஆயிரம் முறை கத்தியும் புரியாதது, தன் தலை எழும்புவதை ஒருமுறை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

■ எங்கே நிறுத்துவது?

வலது கைக்காரர் ரைஃபிள் சுடும்போது இடது பக்கத்தை டார்கெட்டுக்குக் காட்டி நிற்பார். நெஞ்சு பார்க்கும் பக்கம், அதாவது டார்கெட்டை நோக்கி நின்றால் வலப்புறம், ட்ரைபாடை வையுங்கள். இடுப்பில் ஊன்றிய முழங்கை, கன்னம், டிரிகர் கை மூன்றும் தெரியும்.

பிஸ்டலுக்கு நேர் எதிர். வலது கைக்காரரின் டிரிகர் விரல் நுனி துப்பாக்கியின் இடப்புறம்தான் தெரியும். ஏர் பிஸ்டல் டிரிகர் குறைந்தது 500 கிராம் இழுவை தாங்க வேண்டும் என்பது விதி. அந்த எடையை விரல் சீராக இழுக்கிறதா, வெடுக்கென்று பறிக்கிறதா என்று பார்க்க இதுதான் இடம்.

சுடுபவருக்குப் பின்னாலிருந்து, டார்கெட்டின் நேர்க்கோட்டில்: உடம்பு முன்னும் பின்னும் ஆடுவது, தோள் உயரம், தலைச் சாய்வு.

முழு உடம்பையும் ஒரே காட்சியில் எடுத்தால் விரல் தெரியாது. இரண்டு மீட்டர் அகலக் காட்சியில் ஒரு புள்ளி ஒரு மில்லிமீட்டர். கையை மட்டும் முப்பது சென்டிமீட்டர் அகலத்தில் எடுத்தால் ஒரு புள்ளி 0.16 மி.மீ. ஒரு நாள் உடம்பு, ஒரு நாள் கை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பாக்கெட்டில் இருப்பது

ஆளைப் படம்பிடிப்பது என்று முடிவானால் செலவு மளமளவென்று குறைகிறது. பெரும்பாலான வீடுகளில் கேமரா ஏற்கெனவே இருக்கிறது.

2008-இல் காசியோ நிறுவனம் எக்ஸிலிம் எஃப்1 என்ற கேமராவை வெளியிட்டது. நொடிக்கு 1,200 ஃபிரேம் வரை, படம் மிகச் சிறியதாக இருந்தாலும், எடுத்துத்தள்ளியது. விளையாட்டுப் பயிற்சியாளர்கள் கொண்டாடிய கேமரா அது. ஐந்தே ஆண்டில், 2013-இல், ஐபோன் 5எஸ் நொடிக்கு 120 ஃபிரேம் எடுத்தது. அடுத்த ஆண்டே ஐபோன் 6-இல் அது 240 ஆனது. இன்று நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன்களிலும் 120 ஃபிரேம் ஸ்லோமோஷன் சாதாரணம். மேசை டிராயரில் தூங்கும் பழைய போனில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஃபிரேம் எண்ணிக்கைக்கு ஏன் இத்தனை மதிப்பு? நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 33 மில்லி விநாடி. விரல் டிரிகரைப் பறிப்பது அந்த இடைவெளிக்குள் ஒளிந்துவிடலாம். 240-இல் இடைவெளி நான்கு மில்லி விநாடிக்குச் சுருங்குகிறது. நொடிக்கு 170 மீட்டர் வாக்கில் பறக்கும் பெல்லட் பத்து மீட்டரைக் கடக்க 0.06 நொடி ஆகும். அந்த நேரத்துக்குள் 240 ஃபிரேம் வீடியோ பதினான்கு படம் எடுத்திருக்கும். பெல்லட் அட்டையைத் தொடும் முன்பே தலை எழுந்ததா இல்லையா என்பதில் அதன்பிறகு வாதமே வராது.

போனை வாங்கியபடியே பயன்படுத்தினால் மூன்று தொல்லைகள் வரும்.

முதலாவது வெளிச்சம். இதுதான் பெரியது, இதைத்தான் யாரும் கடையில் சொல்வதில்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் ஓடும் மலிவான எல்இடி, டியூப் லைட்டுகள் நொடிக்கு நூறு முறை மினுங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். பெரும்பாலான போன்கள் 30, 60 ஃபிரேமில் எடுக்கின்றன. 50 ஹெர்ட்ஸோடு அவை ஒத்துப்போவதில்லை. விளைவாகப் படத்தில் இருண்ட பட்டைகள் மேலும் கீழும் ஓடும். 25 அல்லது 50 ஃபிரேமுக்கு மாற்றி, ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் நிறுத்தினால் பட்டை மறையும். ஐபோனில் கேமரா செட்டிங்கில் 'பால்' (PAL) வடிவங்களைக் காட்டச் சொல்லி ஒரு தேர்வு உண்டு. அதை இயக்கினால் 25 ஃபிரேம் கிடைக்கும். ஆண்ட்ராய்டில் 'ப்ரோ' வீடியோ இருந்தால் ஷட்டரை நாமே வைக்கலாம். ஸ்லோமோஷனுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. 240-இல் எடுத்தால் படமே விட்டு விட்டு மின்னும். ஜன்னல் வெளிச்சம் விழும் லேனைக் கேட்டு வாங்குங்கள், அல்லது காலைப் பயிற்சியில் எடுங்கள். சர்வதேச விதிப்படி பத்து மீட்டர் டார்கெட்டின்மேல் குறைந்தது 1,500 லக்ஸ் வெளிச்சம் விழ வேண்டும். சுடுபவர் நிற்கும் இடத்துக்கு 300 போதும். ஆக நாம் படமெடுக்கும் பக்கம் எப்போதும் இருட்டுப் பக்கமே.

இரண்டாவது, தானியங்கி ஃபோகஸ். ரைஃபிள் ஏறும்போதும் இறங்கும்போதும் போன் குழம்பிப்போய் ஃபோகஸை முன்னும் பின்னும் தேடும். திரையில் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள்.

மூன்றாவது, ட்ரைபாட். கையில் பிடித்து எடுத்த வீடியோவில் ஆடுவது பிள்ளையா அப்பாவா என்று தெரியாது. கேமராவில் மிச்சம் பிடித்த பணத்தை இதில் போடுங்கள். கல்யாண ரீல்ஸ் எடுக்கும் லேசான செல்ஃபி ஸ்டாண்ட் வேண்டாம். தரையில் அழுந்தி நிற்கும் எடையுள்ள ட்ரைபாட், போனை இறுகப் பிடிக்கும் ஒரு கிளிப், அவ்வளவே. நிறுத்திய இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்து வையுங்கள். போன மாத வீடியோவையும் இந்த மாத வீடியோவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க, கோணம் ஒன்றாக இருக்க வேண்டும்.

■ 75 நிமிடம், எத்தனை ஜிபி?

பத்து மீட்டர் தகுதிச் சுற்று 60 குண்டு, எலக்ட்ரானிக் டார்கெட்டில் 75 நிமிடம்.

ஐபோன் தன் செட்டிங்கில் காட்டும் கணக்குப்படி, முழு எச்டி 30 ஃபிரேமுக்கு நிமிடத்துக்கு சுமார் 60 எம்பி. 75 நிமிடத்துக்கு நாலரை ஜிபி. பழைய முறைச் சுருக்கத்தில் அதே வீடியோ பத்து ஜிபியை நெருங்கும்.

4கே 30 ஃபிரேமுக்கு நிமிடத்துக்கு சுமார் 170 எம்பி. மொத்தம் 13 ஜிபி வாக்கில்.

240 ஃபிரேம் ஸ்லோமோஷனுக்கு நிமிடத்துக்கு அரை ஜிபி. முழுச் சுற்றையும் இதில் எடுக்க நினைக்காதீர்கள். ஐந்து குண்டு போதும்.

மே மாதத்தில் தகரக் கூரை ரேஞ்சில் ஒரு மணி நேரம் ஓடினால் போன் சூடேறித் தானே அணைந்துவிடும். உறையைக் கழற்றிவிட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

போன் வேறு வேலைக்கு வேண்டும், அல்லது பிள்ளையின் கையில் போன் கொடுக்க விருப்பமில்லை. இரண்டுமே நியாயமான காரணங்கள். அப்படியானால் நான் முதலில் கைகாட்டுவது, யாரும் இப்போது சீண்டாத பழைய ஹேண்டிகேமை. செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கும். நிஜமான ஆப்டிகல் ஜூம் உண்டு. திரையைச் சுடுபவர் பக்கம் திருப்பலாம். நம் நாட்டில் விற்றவை 'பால்' முறையில் ஓடுபவை, ஆகவே 50 ஹெர்ட்ஸ் பட்டைத் தொல்லை குறைவு. மணிக்கணக்கில் நிற்காமல் பதிவு செய்யும். கவனிக்க வேண்டியது பேட்டரி. பழைய பேட்டரி பாதி உயிரோடுதான் வரும். கடையிலேயே அரை மணி ஓடவிட்டுப் பாருங்கள்.

பழைய டிஜிட்டல் கேமராக்களிலும் டிஎஸ்எல்ஆர்களிலும் ஒரு கண்ணி உண்டு. 29 நிமிடம் 59 நொடியில் வீடியோ நின்றுவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்யும் கருவிக்கு வீடியோ கேமரா என்று கூடுதல் சுங்கவரி விதித்ததால் கம்பெனிகள் வைத்த வரம்பு அது. ஐரோப்பாவின் வரிக்காக நம் பிள்ளையின் சுற்று பாதியை எட்டும் முன்பே வீடியோ முடிந்துபோகும்.

ஆக்‌ஷன் கேமராக்கள் பார்க்க அழகு, உடையாது, தண்ணீர் பட்டாலும் தாங்கும். பத்து மீட்டர் ரேஞ்சுக்கு அவை தவறான கருவி. மிக அகலமான லென்ஸ் நேரான குழலையே வளைத்துக் காட்டும். களிமண் தட்டு சுடும் ட்ராப், ஸ்கீட் ஆட்டக்காரர்களுக்கு வெட்டவெளியில் அது பயன்படலாம்.

ஐம்பது மீட்டரில் .22 சுடுபவர்களின் நிலைமை வேறு. அங்கே எலக்ட்ரானிக் டார்கெட் இல்லாவிட்டால் 5.6 மில்லிமீட்டர் துளையைப் பார்க்க ஏதாவது தேவைதான். கிளப்பில் ஸ்பாட்டிங் ஸ்கோப் இருந்தால் அதன் கண்பகுதியில் போனைப் பொருத்தும் அடாப்டர் வாங்கினால் முடிந்தது. சிலர் வைஃபை சிசிடிவி கேமராவை டார்கெட் அருகே வைத்து லேனில் போன் திரையில் பார்க்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் இரண்டு மூன்றாயிரத்துக்கு அப்படிப்பட்ட கேமரா கிடைக்கும், பார்ப்பதற்குப் போதுமானதும்கூட. ஆனால் அதை வைக்கும் இடமும் வைக்கும் நேரமும் ரேஞ்ச் ஆபீசர் சொல்வதாக மட்டுமே இருக்க வேண்டும்.

கோட்டைத் தாண்டாதே

மேலே சொன்னது எல்லாவற்றையும்விட இது முக்கியம். நல்ல கோணம் கிடைக்கிறதே என்று ஒரு பெற்றோர் ட்ரைபாடை ஃபயரிங் லைனுக்கு அரையடி முன்னால் நகர்த்துவதை நான் பார்த்திருக்கிறேன். ரேஞ்ச் ஆபீசர் எல்லா லேனையும் நிறுத்தி, துப்பாக்கிகளைக் காலி செய்யச் சொல்லி, பிறகுதான் அவரிடம் பேசினார். அதுவே சரி.

கேமராவும், அதைத் தொடும் கையும், கோட்டுக்குப் பின்னால்தான். முன்னால் எதையாவது வைக்க வேண்டுமென்றால், எல்லா லேனிலும் சுடுவது நின்று, துப்பாக்கிகள் காலியாகி, ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கொடிகள் செருகப்பட்ட பிறகு, அனுமதியோடு. டார்கெட் பக்கம் வைக்கும் கேமராவுக்குக் கெட்டியான பாலிகார்பனேட் தடுப்பு வேண்டும். தெறிக்கும் ஈயத் துணுக்குக்கு லென்ஸ் என்றும் சுவர் என்றும் வித்தியாசம் தெரியாது. பக்கத்து லேன்காரர் குறிபார்க்கும்போது ட்ரைபாடைச் சரிசெய்யக் குனியாதீர்கள். போனை சைலண்டில் போடுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது. போட்டி முடியும்வரை ஃபிளாஷ் படம் எடுப்பதைச் சர்வதேச விதியே தடுக்கிறது.

எடுத்த பிறகு

வீடியோ வீட்டுக்கு வருகிறது. இங்கேதான் நல்லதும் கெட்டதும் பிரிகின்றன.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தேர்ந்த கோச் பெரிய நகரங்களில்தான் இருக்கிறார். திண்டுக்கல்லிலோ தர்மபுரியிலோ வீட்டு மாடியில் பத்து மீட்டர் அளந்து சுடும் பிள்ளைக்கு மாதம் ஒருமுறை பஸ் ஏறுவதே பெரிய காரியம். சரியான கோணத்தில், நிலையான ட்ரைபாடில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ அந்த தூரத்தைக் குறைக்கும். 60 குண்டு அடங்கிய ஒரு மணி நேர வீடியோவை எந்தக் கோச்சும் பார்க்க மாட்டார், அனுப்பாதீர்கள். ஐந்து குண்டு, பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று. சுட்ட உடனே பிள்ளை வாய்விட்டு 'இடது, கீழே, ஒன்பது' என்று தன் ஊகத்தைச் சொல்லட்டும், அதுவும் பதிவாகட்டும். ஊகமும் அட்டையும் ஒத்துப்போகிறதா என்பதே கோச்சுக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். குண்டே போடாமல் வீட்டில் செய்யும் ட்ரை ஃபயரிங் பயிற்சிக்கும் இதே முறை பொருந்தும். ஒரு பைசா பெல்லட் செலவும் கிடையாது.

இன்னொரு நன்மை, கேமரா பழகுவது. 2013-இல் விதிகள் மாறியதிலிருந்து இறுதிச் சுற்று பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது; அரங்கில் இசையும் வர்ணனையும் ஒலிக்கின்றன; முகத்துக்கு நேராக டிவி கேமராக்கள் நிற்கின்றன. பயிற்சியில் லென்ஸ் தன்னைப் பார்ப்பதற்குப் பழகிய பிள்ளைக்கு அந்த மேடை அவ்வளவு அந்நியமாக இருக்காது.

கெட்டதும் அதே இடத்தில் இருக்கிறது. திரும்பும் வழியில் காரிலேயே போனைத் திறந்து, “இங்க பாரு, இங்கதான் விட்ட” என்று தொடங்கும் பெற்றோர் ஏராளம். சுட்டு முடித்த பிள்ளை உடம்பாலும் மனசாலும் ஓய்ந்திருக்கும் நேரம் அது. எல்லாக் குண்டும் படமாகிறது என்றால் எல்லாக் குண்டும் விசாரணைக்கு வரும் என்று பிள்ளை நினைக்கத் தொடங்கும். பிறகு அவள் சுடுவது டார்கெட்டுக்காக அல்ல, அப்பாவின் போனுக்காக. பதற்றம் விரலுக்கு இறங்கும், விரல் டிரிகரைப் பறிக்கும், அதை வீடியோ இன்னும் தெளிவாகக் காட்டும். வாரத்தில் ஒரு நாள் எடுத்தால் போதும். கோச் எதைப் பார்க்கச் சொன்னாரோ அதை மட்டும் பாருங்கள். நல்ல குண்டுகளையும் எடுத்து வையுங்கள். பத்து விழுந்தபோது தன் உடம்பு எப்படி நின்றது என்று தெரிவது, ஏழு விழுந்ததன் காரணம் தெரிவதைவிட ஒரு பிள்ளைக்கு அதிகம் உதவும்.

அடுத்தது, பகிர்வது. ரேஞ்சில் சுடுபவர்களில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருக்கும் நாட்கள் உண்டு. உங்கள் பெண்ணை எடுக்கும் வீடியோவில் பக்கத்து லேன் பெண்ணும் விழுகிறாள். அவள் முகம், அவள் கிளப் பெயர், அவள் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு எங்கே இருப்பாள் என்பது எல்லாம் ஒரு ரீல்ஸில் ஊருக்குத் தெரிந்துவிடும். அவள் பெற்றோரைக் கேட்காமல் அதை வெளியிட நமக்கு உரிமை இல்லை.

துப்பாக்கி என்பதால் இன்னொரு பொறுப்பும் சேர்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி .177 அளவுக்கு மேற்படாத, 20 ஜூலுக்குள் அடங்கும் ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை. .22-க்கும் ஷாட்கன்னுக்கும் தேவை. உரிமம் பெற்ற ஆயுதம் எந்த வீட்டில், எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்டும் வீடியோ திருடனுக்கு அழைப்பிதழ். பஞ்சாபில் 2022 நவம்பரில் சமூக ஊடகம் உட்பட எங்கும் ஆயுதங்களைக் காட்சிப்படுத்த அரசு தடை விதித்தது. நம் மாநிலத்தில் விளையாட்டு வீரர்களை அந்தக் கண்ணோடு யாரும் பார்ப்பதில்லை. அந்த நல்ல பெயர், பின்னணியில் சினிமா வசனம் போட்டுத் துப்பாக்கியைச் சுழற்றும் ஒரு பையனின் பதினைந்து நொடி வீடியோவால் கெட்டுப்போகலாம். ரேஞ்சில் எடுத்ததை ரேஞ்சுக்கும் கோச்சுக்கும் வீட்டுக்கும் மட்டும் வைத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து.

கிளப்புகளுக்கு ஒரு வேண்டுகோள்

புதிதாகச் சேரும் பிள்ளைக்குக் கிளப் தன் ரைஃபிளைத்தான் தருகிறது. ஒரே ரைஃபிளில் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் சுடுகிறார்கள். கேமராவும் அப்படி ஏன் இருக்கக் கூடாது? பத்து லேன் கொண்ட ரேஞ்சில் ஒரே ஒரு லேனை 'வீடியோ லேன்' என்று ஒதுக்கலாம். கோட்டுக்குப் பின்னால் தரையில் பதித்த ஒரு கம்பம், பக்கவாட்டுச் சுவரில் ஒரு தாங்கி, மினுங்காத நல்ல டிரைவர் போட்ட ஒரு எல்இடி விளக்கு, கிளப்பின் பெயரில் ஒரு பழைய ஹேண்டிகேம் அல்லது போன். மொத்தச் செலவு ஒரு நல்ல ஷூட்டிங் ஜாக்கெட்டின் விலையை எட்டாது. பக்கத்து லேன் பிள்ளைகள் காட்சியில் விழாதபடி அந்த லேன் ஓரத்தில் இருக்கட்டும். வாரத்துக்கு ஆளுக்கு அரை மணி என்று நோட்டில் பெயர் எழுதி முறை வைத்தால், கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைக்கும் டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே வீடியோ கிடைக்கும். பதிவுகளை யார் வைத்திருப்பது, எத்தனை நாளில் அழிப்பது, யாருக்குக் காட்டுவது என்பதையும் அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடலாம். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இதை யாராவது ஒரு பெற்றோர் எழுந்து கேளுங்கள்.